படகை அளக்க ஒரு கயிறு

கும்மிடிப்பூண்டி
12.11.2006

அன்புள்ள இளமதி அப்பாவுக்கு,

கஸ்தூரி வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

படகைக் கரையேற்ற நீங்கள் கேட்ட டிரெய்லர் வண்டிக்காக, நேற்று ஷிப்டு முடிந்ததும் பரசுராமன் என்பவரின் பட்டறைக்குப் போனேன். வழியில் மழை. செருப்பு சேற்றில் அறுந்து, வெறுங்காலோடு போய் நின்றேன். மணலில் புதையாமல் இருக்க அகல டயர்தான் சரி என்றார். படகு எத்தனை அடி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு நான் இங்கே வேலைக்கு வந்த பின் வாங்கிய படகு. இன்னும் பார்க்கவே இல்லையே.

அடுத்து அவர் கேட்டதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

"இன்னாக்கா, ஃபைபர் படகுதானே? தள்ளிவுட கரையில நாலு பேரு கூடவா இல்ல?"

நம் கரையில் யார் படகு வந்தாலும், நிற்பவர்கள் எல்லோரும் கூப்பிடாமலே கை வைப்பார்கள். நிவாரணப் பட்டியலுக்காக நீங்கள் ஊர்ப் பஞ்சாயத்தை எதிர்த்துப் பேசியதாக இளமதி சொன்னாள். அதனால் நம் படகை யாரும் தொடுவதில்லையா? தனியாக இழுத்துத்தான் முதுகு போனதா? போனில் கேட்டால் மழுப்புவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நெத்திலிக் கருவாடு கொஞ்சம், என் பழைய போர்வை, இரண்டையும் பார்சலில் அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. படகின் நீளத்தை ஒரு கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றையும் வையுங்கள். மறுமுனையை யார் பிடித்தார்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

கஸ்தூரி