நாற்பது வடிகட்டிப் பைகள்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நான், உன் புருஷன், உன் மகள், என் தையல் மிஷின் நான்கு பேரும் சௌக்கியம். எண்ணெய் வயலில் நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயோ இல்லையோ என்று உன் புருஷன் தினமும் கவலைப்படுகிறான். கவலைப்பட்டுக்கொண்டே உன் பங்கையும் சேர்த்து அவனே சாப்பிட்டுவிடுகிறான்.

இந்தப் பெட்டியில் உன் மிஷினுக்கு நீ கேட்ட நாற்பது வடிகட்டிப் பைகளும் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துக்கொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ குறுக்கே புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். காகிதத்தில் உன் ஜம்பம் பலிக்காது.

முதலில் உன் மகள் கதையைக் கேள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று டீச்சர் கேட்டாராம். அழுக்குத் தண்ணீரைக் குளிப்பாட்டுகிறாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, அது என்ன வேலை என்று கேட்டார். எண்ணெய்க் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய நீ உருவாக்கிய மிஷினைப் பற்றி நான் கால் மணி நேரம் விளக்கினேன். கடைசியில், குழந்தை சொன்னதே தெளிவாக இருந்தது என்றார்.

உன்னால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கச்சா எண்ணெய் இன்றைக்கு என்ன விலை என்று பார்க்காமல் காலையில் காபி இறங்குவதில்லை. போன வருஷம் விலை எகிறியபோது பெட்ரோல் பங்கில் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர், சொந்தமாக எண்ணெய்க் கிணறு வைத்திருக்கிறீர்களா அம்மா என்று கேட்டேவிட்டார். விலை ஏறினால் கம்பெனிக்காரன் கையில் காசு புரளும், புது மிஷினை வாங்கிப் பார்க்கத் துணிவான் என்று நீதானே சொன்னாய்? அந்தத் துணிச்சலில்தான் எண்ணெய் வயல் மேனேஜர் உனக்கு ஒரே ஒரு நாள் சோதனைக்கு இடம் கொடுத்தார். அன்றைக்குப் பையில் எண்ணெய் கசிந்தது. அதோடு உன்னை அனுப்பிவிட்டார். அப்புறம் விலை விழுந்தது, புதிதாக எதையும் வாங்குவதில்லை என்று எல்லாக் கம்பெனியும் கதவைச் சாத்தியது.

இன்னும் விழுந்து தரையைத் தொட்ட பிறகு அதே மேனேஜர் பத்து நாள் சோதனைக்கு உன்னைத் தேடிக் கூப்பிட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ விளக்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. பழைய கிணற்றில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு ஐந்து பீப்பாய் அழுக்குத் தண்ணீர் வருகிறது. நல்ல விலை இருந்தவரை அதை லாரியில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பினார்கள். இப்போது எண்ணெய் விற்கிற காசு அந்த லாரிக்கே போதவில்லை. ஒன்று கிணற்றை மூட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை அங்கேயே சுத்தம் செய்ய வேண்டும். விலை ஏற வேண்டும் என்று எட்டு மாதமாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, என் வேண்டுதலை யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அளவு பார்க்க நீ ஒரு பழைய பையை அனுப்பினாயே, அது அந்த முதல் சோதனையில் கசிந்த பை. அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினேன். துணி முழுக்க வெளிறிக் கிடந்தது. பக்கத் தையல் ஓடிய இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு, ஊசித் துளை ஒவ்வொன்றிலும் எண்ணெய். உன் வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மடித்து இரண்டு ஓட்டுத் தையல் போடவும் என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிற எனக்குக் காகிதம் பார்த்துத் தைக்க வேண்டிய தலையெழுத்தா என்று, அன்றைக்கு நான் பள்ளிச் சீருடைக்குப் போடுகிற மாதிரி மடிக்காமல் அழகாக ஒரே ஓட்டுத் தையலில் முடித்துவிட்டேன்.

அது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வீட்டுக்கு வந்து, என் வரைபடம்தான் தப்பு அத்தை என்றாய். நான் சும்மா இருந்தேனா? அளவு எடுத்து வெட்டுவது எப்படி என்று உனக்கு அரை மணி நேரம் பாடம் வேறு நடத்தினேன்! நீயும் தலையாட்டிக் கேட்டாய். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் சிரிப்பும் வருகிறது, அதையும் மறைப்பானேன்.

இந்தப் பத்து நாள் சோதனையில் கசிந்தால் மிஷின் செய்கிற உன் பட்டறையை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவாய் என்று உன் புருஷன் சொன்னான். அதனால்தான் இந்தத் தடவை ஒவ்வொரு பையையும் குளியலறைக் குழாயில் கட்டி, தண்ணீரில் மிஷின் எண்ணெய் கலந்து ஊற்றிச் சோதித்தேன். வாளியில் எண்ணெய் மினுங்குகிறதா என்று பார்க்கிற பொறுப்பு உன் மகளுக்கு. மூன்றைக் கழித்துக் கட்டினாள், ஈவிரக்கமே இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் புதிதாக மூன்று தைத்தேன்; கழித்ததில் ஒன்று இப்போது அவளுடைய பென்சில் பை. உன் புருஷன் மூன்று நாள் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தான்.

எனக்கு ஒன்றே ஒன்று செய். கசியாது, ஆனால் கசிந்தால், மேனேஜரிடம் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. தைத்தவள் என் மாமியார், தப்பு அவளுடையது என்று என் பெயரைச் சொல். என் மேல் கோபம் இருந்தால் வந்து சண்டை போடு. பட்டறையை மட்டும் மூடாதே. நீ தொட்டது துலங்க வேண்டும், கண்ணு.

இப்படிக்கு,
உன் அத்தை

*

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகளின் வணக்கம். நீங்களும் குறுக்கே பேசக் கூடாது என்பதால் நானும் காகிதத்தில் எழுதி, ஊருக்கு வரும் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கசியவில்லை என்பதைப் போனில் கேட்டுவிட்டீர்கள். நீங்கள் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனுக்கும் கேட்டது.

மிச்சத்தைக் கேளுங்கள். நாளுக்கு நான்கு பை, பத்து நாள், நாற்பதும் ஓடி முடிந்தன. கடைசி நாள் மேனேஜர் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பன்னிரண்டு கிணற்றுக்கு மிஷின் கேட்டிருக்கிறார், அத்தை! நாளைக்கு விலை ஏறினால் எங்களைக் கழற்றிவிடுவீர்களா என்று கேட்டேன். ஏறினால் இன்னும் எண்ணெய் இறைப்போம், இறைத்தால் இன்னும் தண்ணீர் வரும், நீ எங்கேயும் போக வேண்டாம் என்றார். இனி விலை பார்க்காமல் காபி குடியுங்கள்.

அந்தக் கறுப்புக் கோட்டை நான் அன்றைக்கே பார்த்தேன். ஆனால் நான் சொன்னது முழுப் பொய் இல்லை. மடித்துத் தைக்கவும் என்று எழுதினேனே தவிர, ஏன் என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் தைத்தவரிடம் காரணம் சொல்லாமல் காகிதத்தை நீட்டியது என் தப்புதான். அரை மணி நேரப் பாடம் அதற்குத் தண்டனை என்று வைத்துக்கொண்டேன்.

தையல் யாருடையது என்று மேனேஜர் கேட்டார். கசிந்தால்தானே உங்கள் பெயரைச் சொல்லச் சொன்னீர்கள்? கசியாதபோதும் சொன்னேன், உங்கள் தையல் கடைப் பெயரையும் சேர்த்து. எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, ஒப்பந்தத் தாளில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். அதற்குள் பட்டறைப் பெயர்ப் பலகையை மாற்ற பெயின்டர் வருவார். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அத்தை.

அன்புடன்,
உங்கள் மருமகள்