கலங்காம வா

டிச. 11, வியாழன். காலையிலிருந்து தூறல்.

உத்திரமேரூர் மகாசபையின் அவசர அறிவிப்பு. குடத்துக்குள் கிடந்த ஒரே ஓலையில் ஒரே பெயர் இருந்தபடியால், கல்லூரி முதலாண்டு மாணவரும், ஓட்டுநர் உரிமம் பெற்று முழுதாக ஐந்து வாரம் கண்ட அனுபவசாலியுமான கார்த்திக், அக்காவின் கல்யாணப் பத்திரிகையைத் தன்னந்தனியாகக் காரில் கொண்டுசேர்க்கும் தூதராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். போட்டியிட்டவர்: எவரும் இல்லை. வெளிநடப்பு செய்தவர்: அம்மா.

உண்மைக் காரணம்: நைனா வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலில் கட்டு. அம்மாவுக்குக் கார் ஏறினாலே வாந்தி. மார்கழி பிறக்க ஐந்தே நாள். மார்கழியில் பத்திரிகை வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மீதி இரண்டு வீடு. பழையசீவரத்தில் அத்தை, நைனாவின் தங்கை. தாமலுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே போகும் ஊரில் மாமா, அம்மாவின் அண்ணன்.

மாமா விஷயம்தான் சிக்கல். நிச்சயதார்த்தத்தன்று அவருடைய புதுச் செருப்பை ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தேன். மனிதர் வெறுங்காலோடு பஸ் ஏறினார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

நைனாவின் ஒப்பந்தம், அப்படியே எழுதிவைக்கிறேன்:

"வண்டி நின்னுப்போச்சி, வந்து இஸ்துக்கினு போன்னு ஒரே ஒரு போன் வந்திச்சின்னு வையி, அன்னியோட சாவி பீரோக்குள்ள. அந்த போன் வராம போய்த் திரும்பிட்டினா வண்டி ஒனுக்கு. காலேஜுக்கு எட்த்துக்கினு போ."

சரி என்றேன். நைனா கண் அசந்ததும் அவர் கால் கட்டின் மேல் சிவப்பு L ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் கிளம்பினேன். பழகுநர் நடக்கிறார், ஒதுங்கவும்.

காரின் பெயர் கார்மேகம். வெள்ளைக் கார்தான், விடுகிற புகைக்கு வைத்த பெயர். என்னைவிட நாலு வயது மூத்தது. நோய்ப் பட்டியல்:
– ஹாரன்: அடித்தால் வாய் திறக்காது. மழை பட்டால் தானாகக் கத்தும்.
– வைப்பர்: ஒன்றுதான் ஓடும். என் பக்கம் இல்லை.
– இன்ஜின்: ஈரம் பட்டால் அணையும். பானெட்டைத் திறந்து பனியனால் துடைத்தால் உயிர் வரும்.

போனின் நோய் ஒன்றே ஒன்று. கண்ணாடி விரிசல் விட்டதிலிருந்து பேய் பிடித்திருக்கிறது. தானாகத் திறந்து தானாக யாரையாவது கூப்பிடும். போன வாரம் என் கெமிஸ்ட்ரி சாரைக் காலை ஐந்தரைக்கு எழுப்பியது.

மதியம். பாதி வழியில் இரண்டு தடவை அணைந்தது. எங்கள் ஊர்ப் பெருமாள் மூன்று நிலையில் அருள்பாலிப்பார்: நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். கார்மேகம் முதல் கோலம் காட்டிவிட்டது. இரண்டாவது தடவை பானெட்டுக்குள் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் குட்டையில் விழுந்தது. நைனாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

பாலாற்றுப் பாலத்தில் இறங்கி எட்டிப் பார்த்தேன். மணலே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர், கரைக்குக் கரை. இதற்கு ஒரு ஜோக் யோசித்தேன். வரவில்லை.

அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஒத்த ஆளா வந்து தட்ட நீட்றான் பாரு! எங்கடா ஒங்க நைனா? தங்கச்சி வூட்டுக்கு வர்றதுக்குக் கால் நோவுதாமா?"

"நெசமாவே நோவுது அத்த. கட்டு போட்டுக்கீது."

"அப்ப ஒங்கம்மா?"

"அதுக்கு வாய் நோவும் அத்த. வாந்தி."

சிரித்துவிட்டாள். பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். ஒன்று முடிந்தது.

டிச. 12, வெள்ளி. மழை விட்டு விட்டு.

நனைந்த போனை அரிசியில் புதைத்தால் ஈரம் இழுக்கும் என்று அத்தையிடம் நேற்றே சொன்னேன். "திங்கற பொருள்ல போயி பேய வைப்பாங்களா?" என்று மாட்டுத் தவிட்டு டப்பாவில் புதைத்திருக்கிறாள். காலையில் தோண்டி எடுத்தோம். உயிர் இருக்கிறது. பேயும் இருக்கிறது. ஆனால் காது வைக்கிற ஓட்டை முழுக்கத் தவிடு. ஊதினேன், தட்டினேன், பின்னூசியால் குத்தினேன். நாம் பேசுவது அந்தப் பக்கம் நன்றாகப் போகிறது. அவர்கள் பேசுவதுதான் துண்டு துண்டாக வருகிறது.

அம்மா கூப்பிட்டாள்: "சா... டியா?"

சாப்பிட்டியா என்பதில் நடுவே தவிடு அடைத்துக்கொண்டால் இப்படித்தான் கேட்கிறது. "இன்னும் இல்லம்மா" என்றேன். சாவிக்கும் சாவுக்கும் நடுவே ஒரு சுழிதான் என்று அப்போது தோன்றியது. நல்ல ஜோக். யாரிடமும் சொல்லவில்லை.

அத்தை சாப்பாடு போட்டுத்தான் விட்டாள். கிளம்ப இரண்டரை. வாலாஜாபாத், காஞ்சிபுரம், பெரிய ரோடு. கார்மேகம் ஒரு தடவைதான் அணைந்தது. ஆள் இல்லாத பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஹாரன் தானாக அரை நிமிஷம் கத்தியது. கார்த்திக் என்ற பெயரைப் பிரித்தால் கார், திக். இன்று திக் திக்.

4.40. மாமா ஊருக்குப் பிரியும் முனை. டீக்கடை. மழை குறையட்டும் என்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பார்த்தவை:
– மினி பஸ் ஒன்று முனையிலேயே நிற்கிறது. டிரைவர் இல்லை.
– நாலு பையன்கள், தோளில் வலை, அந்த ரோட்டுக்குள் ஓடுகிறார்கள். ஒரே சிரிப்பு.
– நடு ரோட்டில், தார் மேல், ஒரு கெண்டை மீன். துடித்துக்கொண்டு. ஏரியிலிருந்து லிஃப்ட் கேட்டு வந்ததோ என்னவோ. போட்டோ எடுத்தேன்.
– இருட்டு சீக்கிரமே இறங்குகிறது. எங்கிருந்தோ ஓர் இரைச்சல். திருவிழாக் கூட்டம் தூரத்தில் பேசுகிற மாதிரி. என்ன திருவிழா இந்த மழையில்?

டீக்கடைக்காரர் கேட்டார்: "அந்தாண்டையா போற?"

"ஆமாண்ணா. எங்க மாமா வூடு."

"காலைல ஒர்த்தன் போனான்." டீயை ஆற்றினார். "பாத்துப் போ."

பள்ளத்தைச் சொல்கிறார் போல.

4.55. மாமா கூப்பிட்டார்! மாமாவே! செருப்புச் சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவை. தவிட்டின் வழியாக வந்தது இவ்வளவு: "கார்த்தி... கலங்க... ...வா..." நடுவில் கொரகொர. மறுபடியும், இன்னும் சத்தமாக: "கலங்க... வா..."

கலங்காம வா!

மாமா மனசு இளகிவிட்டது. தனியாக வருகிற பையன், மழை, இருட்டு, பயப்படுவான் என்று கூப்பிட்டிருக்கிறார். "சரி மாமா, வந்துக்கினே கீறேன் மாமா" என்று வைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மழைதான். நைனாவுக்கு ஒரு போனும் போடாமல் இரண்டு வீடும் முடியப்போகிறது. இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். கிளம்புகிறேன்.

டிச. 13, சனி. மாமா வீடு. வானம் வெளுத்திருக்கிறது.

உயிரோடு இருக்கிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

மாமா சொன்னது "கலங்காம வா" இல்லை. "கலங்கல் போவுது, வராத." ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்தான் கலங்கல். அந்த ஊர் ஏரியின் கலங்கல் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே தாண்டித்தான் ஓடும். வருஷம் முழுக்கக் காய்ந்த தரைப்பாலம். இந்த நாலு நாள் மட்டும் ஆறு. நானும் ஏரி உள்ள ஊரில் பிறந்தவன்தான். கலங்கல் போகிறது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். ஆனாலும் நடுவையும் கடைசியையும் தவிடு தின்றுவிட்டது; 'வராத' என்பதில் மிஞ்சியது வெறும் 'வா'.

மரங்கள் முடிந்து ரோடு இறங்கியதும் தண்ணீரை முப்பது அடிக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோடு பளபளவென்று பக்கவாட்டில் நகர்ந்தது. ரோடு நகராது, அப்படியென்றால் அது ரோடு இல்லை என்று அரை நொடியில் கணக்குப் போட்டேன். பிரேக்கை அழுத்தினேன். ஈரத்தில் வழுக்கி முன் சக்கரம் மட்டும் இறங்கி நின்றது. பிரேக் அடித்த வேகத்தில் இன்ஜின் ஆஃப். அந்த இரைச்சல் திருவிழா இல்லை. ஓரத்துக் குத்துக்கல்லில் உச்சி மட்டும்தான் தெரிந்தது. ஒரு முழுத் தென்னை மட்டை கண்ணெதிரே வந்தது. அடுத்த பார்வையில் இல்லை.

ஹாரன் தானாகக் கத்த ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அதுதான் என்னைக் காப்பாற்றியது. மதகு பார்த்துக்கொள்ளும் ஏழுமலை அண்ணன் உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து டார்ச்சோடு ஓடிவந்தார்.

"கதவத் தொறக்காத! இந்தாண்டப் பக்கமா, ஜன்னல் வயியா எறங்கு! கைய்யக் குடு, என் கைய்யக் குடு!"

இறங்கினேன். அவர் டார்ச்சைத் தண்ணீருக்குள் அடித்துக் காட்டினார். "காலைல ஒரு பைக்கு போச்சி. ஆளு முள்மரத்தப் புட்ச்சிக்கினு தொங்கினான், இஸ்துட்டோம். பைக்கு இன்னும் கெடைக்கல."

ஏழுமலை அண்ணன் போன் போட, பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு மாமா டிராக்டரில் வந்தார். இறங்கியதும் என் சட்டையைப் பிடித்தார். "கலங்கல் போவுது வராதன்னு தொண்ட கியியக் கத்திக்கினே கீறேன், நீ பாட்டுக்கு சரி மாமான்னு வச்சிட்ட! இதுவும் வெளாட்டாடா? நான் செத்தேன்டா!" அப்புறம் சட்டையை விடவே இல்லை. பிடித்தபடியே அழுதார்.

நான் அழவில்லை. பிரேக் கதையைச் சொன்னேன். டிராக்டரில் ஒரு தடவை, வீட்டில் இரண்டு தடவை. மூன்றாவது தடவை முப்பது அடி நாற்பது ஆகிவிட்டது. மாமி வாயில் கை வைத்துக்கொண்டாள். மாமா தோளைத் தட்டினார். "பொட்டப் புள்ள கல்யாணத்துக்கு முன்னால நல்ல வேளடா மாப்ள. ஒன் நிதானம்தான் காப்பாத்திச்சி."

ஏழுமலை அண்ணன் மட்டும் காலையில் டீ குடிக்கும்போது கேட்டார். "பிரேக்கு புட்ச்சா பின்னால செவப்பா எரியும் இல்ல தம்பி? நான் கரை மேலேந்து பாத்துக்கினே இருந்தேன். எரியலியே."

"பல்பு போச்சிண்ணா."

"ஓ." டீயைக் குடித்து முடித்தார்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்த காரை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டான். இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, நாளைக்கு ஓட்டலாம். சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கிய பத்திரிகைதான் மழையில் நனைந்து கூழ். மாமா கூழையே இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டிச. 14, ஞாயிறு. உ.மேரூர். வெயில்.

மதியம் வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு தடவைகூட அணையவில்லை.

நைனா நாற்காலியில். கால் கட்டில் L ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. ஏன் கிழிக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. முகம் அப்படி.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவருக்கு என் போனிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நான் போடவில்லை. கண்ணாடிப் பேய் போட்டிருக்கிறது.

"எட்த்தேன். ஹாரன் சத்தம். தண்ணி சத்தம். நாலு நிமிசம்டா. டேய் கார்த்தி, டேய் கார்த்தின்னு நானும் கத்தறேன். எல்லாம் கேக்குது, ஒன் கொரலு மட்டும் இல்ல." அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஒப்பந்தம் முடிந்தது, சாவி பீரோவுக்குத்தான் என்று நானே மேசை மேல் வைத்தேன். நைனா எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"ஒங்க மாமா சொன்னாரு. பெரிய ஆளுங்களே உட்ருவாங்க அந்த எடத்துல. நீ பாத்து பிரேக்கு புட்ச்சிக்கீற. இனிமே எனக்கு பயமில்ல. நீயே வச்சிக்கோ."

சாயந்திரம் முழுக்க சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். "எம் புள்ள... நாப்பது அடியில... ஆமாம்பா, தனியாத்தான்..."

டிச. 15, திங்கள். வெயில். காலேஜ் போகவில்லை.

காரை எடுக்கவில்லை. நைனா இரண்டு தடவை கேட்டுவிட்டார், ஏன்டா போகல என்று.

இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். முப்பது அடி இல்லை. நாற்பதும் இல்லை. நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் வைப்பர் இல்லாததால் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் கண்ணாடியையே பார்க்கவில்லை. ஒரு கையில் போன், பல்லில் பின்னூசி. மாமா சொன்னதை இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தவிட்டைக் குத்திக்கொண்டிருந்தேன். பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. பிரேக்கில் கால் வைக்கவே இல்லை, கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. முன் சக்கரம் தண்ணீரில் இறங்கி ஈரம் அடித்ததும் கார்மேகம் தானாக அணைந்தது, அவ்வளவுதான். நல்ல கார் என்றால் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

அது அணைந்ததும், தலையை நிமிர்த்தும் முன்னால், ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தி நான் திட்டினேன்: "கரெக்டா வந்து சேர்ற நேரத்துல நின்னுட்டியே, சனியனே."