தரையை விட்டு எழாத விமானம்

முகாம், ஜூன் 1977

அம்மிணிக்கு,

என்னை மறுபடி பறக்கவிடலாமா என்று பார்க்க, நேற்று சிமுலேட்டரில் உட்காரவைத்தார்கள். தரையை விட்டு எழாத போர்விமானம் அது. ஆனாலும் மானிகளின் முள்ளெல்லாம் துடிக்கிறது, இருக்கை குலுங்குகிறது. ஆறு வருஷம் கழித்தும் அத்தனை ஸ்விட்சும் விரலுக்கு நினைவிருந்தது. கெட்டிக்காரப் பொறி, ஒரு தப்பையும் மன்னிப்பதில்லை.

மேலே ஏறும்போது வேகம் குறைந்து மூக்கு தொங்கிவிட்டது. நம் காளை இடறினால் கயிற்றைச் சுண்டி இழுப்பேனே, அதே போல ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தேன். இழுத்தால் விழும் என்று தெரியாதவனல்ல நான். பயம் வந்தால் கை பழைய கயிற்றைத்தான் தேடுகிறது. வெளியே இருந்த அதிகாரி, நான் விழுந்துவிட்டதாக எழுதிக்கொண்டார். இன்னும் ஒரே தடவைதான், அதிலும் விழுந்தால் ஊருக்குப் போகலாம் என்றார்.

மறுபடியும் மூக்கு தொங்கியது. வாய்க்கால் மேட்டில் செவலை முட்டி போட்டு விழுந்த அன்று, நீ என் கையில் அடித்துச் சொன்னது காதில் கேட்டது.

"ஏனுங்க, கயித்த உடுங்க. அதுக்கே எந்திரிக்கத் தெரியும்."

விட்டேன். மூக்கு இறங்கியது, வேகம் வந்தது, விமானம் எழுந்துகொண்டது. எனக்கு இதைப் புரியவைக்கப் அந்தக் காலத்தில் பெரிய பெரிய அதிகாரிகள் இரண்டு வருஷம் பாடம் நடத்தினார்கள். நீ விமானத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை.

தேறிவிட்டேன், விடுப்பும் கொடுத்திருக்கிறார்கள். எழுபத்தொன்று போரில் என் பின்சீட்டில் வந்து, திரும்பாமல் போனவனைப் பற்றி நீ கேட்டதே இல்லை. வந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மீனாட்சிபுரம் ஸ்டேஷனுக்கு வண்டி பூட்டி வா. கயிறு உன் கையிலேயே இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்