வாயு என்று சொல்லியிருக்கக் கூடாது

1962 மார்ச் 2, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. குடை ஆபீஸில், நான் வீட்டில். நனைந்தபடியே பஸ். டைப்ரைட்டரில் எழுத்து மறுபடி சிக்குகிறது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மத்தியானம் டோரீன் சீட்டுக்கட்டை எடுத்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரி, யுரேஷியப் பெண், வெள்ளைக்காரக் கலப்பு. கப்பலில் வேலை பார்க்கும் மாமா லண்டனில் வாங்கி வந்த குறி சொல்லும் சீட்டு. டாரோ என்று பெயராம். அதில் ராஜா ராணி சீட்டுகள் மனிதர்களின் குணத்தைச் சொல்லுமாம். மறக்காமல் இருக்க:

கோல் – நெருப்பு. கிண்ணம் – தண்ணீர். வாள் – காற்று. காசு – மண்.
அதற்கு மேல் ராஜா நெருப்பு, ராணி தண்ணீர், குதிரைவீரன் காற்று, ஏவலாள் மண்.

ஆக, ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பூதம். கிண்ண ராணி தண்ணீரில் தண்ணீர், தொட்டால் அழுகை. (அண்ணிதான், சந்தேகமே இல்லை.) நான் கோல் ராணியாம். நெருப்பின் மேல் தண்ணீர். அடுப்பில் உலை. கொதிக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆகாயம் எங்கே என்று கேட்டேன். "ஃபோர் ஒன்லி, லா" என்றாள். நாலே நாலுதானாம். ஐந்தாவதைத் தொலைத்துவிட்டுக் குணம் சொல்ல வந்துவிட்டார்கள்.

ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சிவராசா, எங்கள் ஆபீஸ் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் கிளார்க். இனி இங்கே சி. என்றே எழுதுவேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், காத்தோங்கில் வீடு. அப்பா இல்லை. சி.யாகவே கேட்டு அனுப்பியது. அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "சிலோன்காரங்க நம்ம வீட்டுல பொண்ணு எடுப்பாங்களாடி?"

எனக்கு இந்த இடம் வேண்டும். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3, சனி

அரை நாள் ஆபீஸ். பிறகு தேக்கா மார்க்கெட். வாங்கியது: ரவை, முந்திரி, மல்லிகை மூன்று முழம், வாழையிலை. கண்ணாடி வளையல் மறந்துபோனது. மறுபடி நடை. கால் வலி.

அம்மா: "நாளைக்கு மட்டும் வாயைக் கட்டிக்கிட்டு இரு. கேட்டா மட்டும் பதில் சொல்லு, போதும்."

மார்ச் 4, ஞாயிறு

எல்லாம் போச்சு.

நன்றாகத்தான் இருந்தது. சி.யும் அவர் அம்மாவும் வந்தார்கள். அவர் அம்மா வெள்ளைப் புடவை, மெலிந்த உடம்பு, அதிகம் பேசவில்லை. கேசரி பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து டோரீன். கூப்பிடவே இல்லை. கையில் ரவை கேக், பையில் சீட்டு. வந்தவளைப் போ என்று சொல்ல முடியுமா?

அண்ணன் கிண்டிவிட்டான். "எல்லாருக்கும் பாத்துச் சொல்லச் சொல்லு. சரோஜா தமிழ்ல சொல்லும்." சி.க்குக் கிண்ணக் குதிரைவீரன். தண்ணீர் மேல் காற்று, ஆசைகள் அலைபோல் எழும் என்றாள். அழகாகவே மொழிபெயர்த்தேன். சி. சிரித்தார்.

அவர் அம்மாவுக்கு வாள் ராணி. டோரீன் இங்கிலீஷில் சொன்னது இது. காற்றும் தண்ணீரும் சேர்ந்தவள். பெரும்பாலும் விதவையின் சீட்டு. துக்கம் பார்த்தவள். அதனாலேயே தெளிந்த புத்தி, யாரும் ஏமாற்ற முடியாது.

பெண் பார்க்க வந்த இடத்தில் விதவை என்று எப்படிச் சொல்வேன்? அவ்வளவையும் விழுங்கிவிட்டு, பூதத்தை மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். காத்து என்று சொல்ல வாய் வரவில்லை. காத்துக் கருப்பு என்று எடுத்துக்கொண்டால்? கொஞ்சம் மரியாதையான சொல்லாகத் தேடினேன்.

"உங்களுக்கு வாயும்மா."

அண்ணனுக்குக் காப்பி புரையேறியது. அண்ணி உண்மையான அக்கறையோடு எழுந்தாள். "ஓமத் தண்ணி வச்சுத் தரட்டுங்களா? உடனே கேக்கும்." அவர் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "வெளிக்கிடுவம், தம்பி. நேரம் போட்டுது." சி. தரையைப் பார்த்துக்கொண்டே செருப்பு மாட்டினார்.

மார்ச் 5, திங்கள்

அம்மா பேசவில்லை. அண்ணன் பேசுகிறான், அதுதான் தொல்லை. "வாயாலயும் கெட்ட, வாயுவாலயும் கெட்ட." சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான். அவன்தானே சீட்டுப் பார்க்கச் சொன்னது? யாரும் அதைப் பேசுவதில்லை.

டோரீனுக்கு விளங்கவைக்க அரை மணி. காற்றும் வயிற்றுக் காற்றும் எப்படி ஒரே சொல்லாகும் என்கிறாள். எரிச்சல். அவளிடம் இல்லை, தமிழிடம்.

மார்ச் 8, வியாழன்

சி.யைப் படிக்கட்டில் பார்த்தேன். நானே நின்றேன். "அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லேல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"அவா மூட் சரியில்லை. பாப்பம்." ஃபைலைக் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

தண்ணீர் மேல் காற்று. அலை அடிக்கும், படகு நகராது. இருந்தும் மதியம் இரண்டு தரம் காரணமில்லாமல் அந்தப் படிக்கட்டுப் பக்கம் போனேன். என் மேலேயே கோபம்.

பல் வலி. கிராம்பு.

மார்ச் 10, சனி

முடிவு செய்தாகிவிட்டது. நாளை நானே சி. வீட்டுக்குப் போய் அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பேன். எங்கள் வீட்டில் டோரீன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், அவளும் காத்தோங்தான். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். வாயு என்றால் பஞ்சபூதத்தில் ஒன்று, அனுமாருக்கே அப்பா. இது அவருக்குப் பிடிக்கும்.

மார்ச் 11, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே.

சி. வீட்டில் இல்லை. அவர் அம்மா மட்டும். உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, நான் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டார். அனுமார் வரைக்கும். பக்கத்து மேசையில் இங்கிலீஷ் பேப்பர், மேலே அவர் கண்ணாடி. அதைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை தடுமாறியது.

"வாயு எண்டதுக்கு நான் கோவிக்கேல்ல, பிள்ளை. அது பகிடி, சிரிப்புத்தான் வந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சனான். அந்தப் பெட்டை இங்கிலீசில சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினது."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"விதவை எண்டு சொன்னவள். அதை நீ விட்டனீ. நல்ல காரியம் நடக்கிற இடம், விடத்தான் வேணும். தெளிஞ்ச புத்தி, ஆரும் ஏமாத்தேலாது எண்டும் சொன்னவள். அதை ஏன் பிள்ளை விட்டனீ?"

சேர்ந்து வந்ததால் சேர்த்தே விட்டுவிட்டேன் என்று ஏதோ உளறினேன்.

"அப்ப நாளைக்கு இந்த வீட்டுக்கு வந்தாலும் உன்ர கண்ணுக்கு இந்த வெள்ளைச் சீலை மட்டும்தான் தெரியுமோ?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். யோசித்தேன். யோசித்ததை அவர் பார்த்துவிட்டார்.