பாப்பா படம் போட்ட டப்பா

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். படகில் வாந்தி எடுத்தேன், மற்றபடி நலம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் கடிதமே எழுதுவோம் என்று பேசிக்கொண்டபடி எழுதுகிறேன். இங்கே போனும் எடுக்காது.

நான்கு அறை உள்ள விடுதி. என்னைத் தவிர யாரும் தங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் தென்னை, அதற்கப்புறம் தண்ணீர். மதியம் முழுக்க ஒரு சத்தம் கிடையாது. விடுதிக்காரம்மாவிடம் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன்: மீன், கறி, முட்டை, பால், தயிர், நெய், தேன் எதுவும் கூடாது. "அப்ப எதைத் தின்னு இவ்வளவு வளர்ந்தே?" என்று கேட்டார். ஆனால் அவர் வைத்த பூசணிக்காய்க் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்தக் கடிதத்தையும் அவர்தான் படகுக்காரரிடம் சேர்க்கப் போகிறார்.

இருபதாம் தேதிப் படகில் கிளம்பி நேரே வீட்டுக்கு வருகிறேன். வீட்டுப் படி மிதித்து ஏழு வருடம் ஆகிறது. எனக்குத் தனிப் பாத்திரம் இருந்தால் போதும்.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கடைக்குப் போய் இரண்டு சட்டியும் ஒரு வாணலியும் வாங்கி வந்து, யாரும் தொடக் கூடாதென்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சட்டியைப் பீரோவில் பூட்டிய வீடு ஊரிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

உன் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அங்கே அடுக்கியிருந்த கருவாட்டு மூட்டைகளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டேன். மாடு நின்று தருகிற பாலைக்கூட வேண்டாம் என்கிற உன் கட்சியை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நீ வீட்டில் இருக்கிற வரை வாயைத் திறப்பதில்லை என்று உன் அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

போன தடவை நீ அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெலும்பைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விடுதிக்காரம்மா நன்றாகச் சமைப்பார். வயிறாரச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அவர் நன்றாகச் சமைப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கருவாடு விற்கப் போகாத ஊர் ஒன்றாவது இருக்கிறதா?

நான் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் நான்கு வெள்ளரித் துண்டை வெட்டி வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். இங்கேதான் ஒரு மனிதப் பிறவிக்குப் போடுகிற மாதிரி சாப்பாடு போடுகிறார்கள். குழம்பில் என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டால், "கைப்பக்குவம்தான், போ" என்று சிரிக்கிறார். அடுக்களைப் பின்பக்கம் மட்டும் விடுவதில்லை. சகதியாம்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஒரு உயிரையும் தொடாமல் இவ்வளவு ருசியாகச் சாப்பிட முடியும் என்றால், நீங்கள் நாற்பது வருடம் செய்தது யாருக்கும் தேவையே இல்லாத தொழில். பள்ளிக்கூடத்தில் என்னைக் கருவாடு என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வாடை இல்லாத ஓர் இடம் தேடித்தான் இத்தனை தூரம் அலைந்திருக்கிறேன் போல.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 12

பாப்பாவுக்கு,

நான் சத்தியம் செய்தது நீ வீட்டில் இருக்கும்போதுதான். இது கடிதம்.

அடுக்களைப் பின்பக்கம் சகதி ஒன்றும் இல்லை. போய்ப் பார்.

குழம்பில் இருப்பது கைப்பக்குவம் இல்லை, நம் கிடங்குக் கருவாட்டுப் பொடி. பதினெட்டு வருடமாக அந்த விடுதிக்கு நான்தான் அனுப்புகிறேன். உன் கடித உறையில் என் விலாசத்தைப் பார்த்துவிட்டு விடுதிக்காரம்மா படகுக்காரரிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். "உங்க பொண்ணு மீன் கூடாதுன்னுச்சு. நான் பழக்கத்துல பொடியப் போட்டுட்டேன். மூணு தடவ வாங்கித் தின்னுச்சு. இப்ப நிறுத்தவா, வேண்டாமா?"

"நிறுத்த வேண்டாம். சொல்லவும் வேண்டாம். பிள்ளை இளைத்துப் போயிருக்கிறாள்" என்று பதில் எழுதினேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் நீ அழுதுகொண்டு வந்து, பையை வீசிவிட்டு, இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாய். அந்த வருடம்தான் வாடையே வராமல் வறுத்து இடிக்கிற பக்குவத்தைக் கண்டுபிடித்தேன். எட்டு மாதம் ஆனது. எத்தனை மூட்டை கருகியது என்று உன் அம்மாவைக் கேள். உனக்காகக் கண்டுபிடித்ததால்தான் பொடி டப்பாவில் உன் நாலு வயதுப் படத்தைப் போட்டேன். என் ஆயுளில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அது. பத்து நாள் தின்ற உனக்கே தெரியவில்லையே, அது எப்பேர்ப்பட்ட சரக்கு என்று பார்த்துக்கொள். தேவையில்லாத தொழிலாம்.

கோபம் வரும். வரட்டும். இருபதாம் தேதி படகுத்துறையில் நிற்கிறேன்.

அப்பா


மார்ச் 16

அப்பாவுக்கு,

போய்ப் பார்த்தேன். பதினொரு டப்பா. மண் போட்டு மிளகாய் நாற்று வைத்திருக்கிறார். பதினொன்றிலும் நான் இரட்டைச் சடையோடு சிரிக்கிறேன். சில முகங்கள் துருப்பிடித்துவிட்டன.

விடுதிக்காரம்மா அழுதார். "உங்கப்பா சொன்னாருன்னுதானேம்மா செஞ்சேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பழக்கத்தில் செய்தார். நீங்கள் யோசித்துச் செய்தீர்கள். செய்ததை மறைத்தாவது வைத்திருந்தால், ஒன்றும் தெரியாமல் இருபதாம் தேதி வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். ஜெயித்துவிட்டேன் என்று சொல்லாமல் இருக்க உங்களால் முடியவில்லை.

நான் வரவில்லை. படகுத்துறைக்கு வராதீர்கள். கரைக்குப் போனதும் அம்மாவிடம் நானே போனில் பேசிக்கொள்கிறேன்.

டப்பாவிலிருந்து என் முகத்தை எடுத்துவிடுங்கள். இருக்கிற சரக்கை வீணாக்க மாட்டீர்கள் என்று தெரியும். அது விற்றுத் தீரும்வரை பொறுத்துக்கொள்கிறேன். அதுவரை மாதம் ஒரு கடிதம் எழுதலாம். படிப்பேன், பதில் போடமாட்டேன். கடைசி டப்பா போனதும் கடிதமும் நிற்க வேண்டும். ஒரு டப்பாவை ஒளித்து வைத்துக்கொண்டு, இன்னும் தீரவில்லை என்று எழுதாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

பாப்பா என்று இனிக் கையெழுத்துப் போட மனசில்லை.


ஏப்ரல் 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருபதாம் தேதி போய் நின்றேன். சொன்னால் கேட்கிற வழக்கம் நம் இரண்டு பேருக்குமே கிடையாதே. படகில் இரண்டு மூட்டைத் தேங்காயும், இனிமேல் பொடி அனுப்ப வேண்டாம் என்று விடுதிக்காரம்மாவின் சீட்டும் வந்தன.

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. பீரோவைத் திறந்து சட்டியை எடுத்துத் தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறாள். நேற்று பூசணிக்காய்க் குழம்பு. கேட்டு ஒரு கரண்டி வாங்கினேன். சப்பென்றுதான் இருந்தது. வழித்துச் சாப்பிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய் என்பதுதான் முதலில் மனதில் வந்து நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை.

புது லேபிளில் வெறும் எழுத்துத்தான். அச்சகத்தில் கொடுத்தாகிவிட்டது. பழைய டப்பாவைத் தள்ளுபடி போட்டால் ஒரே மாதத்தில் காலி செய்துவிடலாம் என்றார் கணக்கர். அவரை வெளியே போகச் சொன்னேன். அது ஒன்றுதான் நான் செய்த தந்திரம். ஒளித்து எதையும் வைக்கவில்லை.

நீ சொன்னபடியே ஒப்புக்கொள்கிறேன். உன் படம் போட்ட டப்பா கிடங்கில் நாலாயிரத்து இருநூறு இருக்கிறது. மாதம் அறுநூறு போகும். ஏழு மாதம், ஏழு கடிதம், பதில் இல்லை. இது முதலாவது.

அப்பா