கல்லில் பெயர் இல்லாத நைனாவுக்கு

என் நைனாவே,

உன்னைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது, நானும் உன் மாப்பிள்ளையும் போய்வந்த பயணம்.

பிரான்ஸுக்குப் போனோம், நைனா. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் ஊர். அவருக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர் என்பது உனக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்றே, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைச் சுற்றிவிட்டுத் தாமதமாகத்தானே நம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தார். "இன்னா மாப்ள, பொண்ணு பாக்க வந்தியா, பொணம் பாக்க வந்தியா?"னு நீ கேட்டதும் அவர் முகம் போன போக்கு!

அங்கே வாடகைக் காரில் அவசரமில்லாமல் சுற்றினோம். கோதுமை வயல், ஆப்பிள் தோட்டம், பாசி படிந்த கோட்டைகள். மதியம் மர நிழலில் ரொட்டியும் சீஸும். நான் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேனாம், அவர் சொல்கிறார்.

எட்டாம் நாள், கடலோரக் கிராமம் ஒன்றில் பழைய தேவாலயம் பார்க்க இறங்கினோம். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தின் மதிலில் வரிசையாகப் பெயர்ப்பலகைகள். கீழே குழி எதுவும் இல்லை. அவர் போனில் மொழிபெயர்த்துப் படித்தார். பிறகு, "செல்வி, இவங்க எல்லாம் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாதவங்க. உடம்பு கிடைக்காதவங்க" என்றார்.

நான் அந்த மதிலோரமே நின்று அழுதேன்.

வயதான பெண்மணி ஒருவர் ஈரத்துணியால் ஒரு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்து அருகில் வந்தார். பலகையைக் காட்டி, தன் விரல் மோதிரத்தைக் காட்டினார். புருஷன். பிறகு என்னைப் பார்த்துக் கையை விரித்தார். உனக்கு யார்? 'நைனா' என்று வாய்வரை வந்தது. அவருக்குப் புரியாதே என்று "அப்பா" என்றேன். "பாப்பா?" என்றார். அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

எங்கிருந்தோ நம் ஊருக்கு வந்து செத்த டச்சுக்காரர்களுக்குக்கூடக் கல்லில் பெயர் இருக்கிறது. உன் பெயர் எங்கே இருக்கிறது, நைனா? அம்மாவின் ரேஷன் கார்டில் மட்டும்தான்.

அதையும் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டவள் நான். மீன் பிடிக்கப் போன படகு கவிழ்ந்து, உன்னோடு இருந்த மூவரும் கரை சேர்ந்தார்கள். நீ மட்டும் வரவில்லை. காரியம் செய்யலாம், இறப்புச் சான்றிதழ் வாங்கலாம் என்று அலைந்தேன். "பாடி வரல. நான் பொட்டழிக்க மாட்டேன்" என்றாள் அம்மா. "செத்தவர செத்தவர்னு சொல்லும்மா!" என்று ஊர் பார்க்கக் கத்தினேன். அன்றிலிருந்து நாங்கள் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. நான் கத்தியது உனக்குக் கேட்டதா?

ஊர் திரும்பியதும் நேராகக் குப்பத்துக்குப் போனேன். அம்மா வெயிலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்தம்மாவுக்கும் பாடி கெடைக்கலியா?"

"இல்லம்மா."

"பொட்டு வெச்சிருந்துச்சா?"

"அவங்க ஊர்ல பொட்டு கெடையாதும்மா. மோதிரம் போட்டிருந்தாங்க. கழட்டல."

அம்மாவின் கை நின்றது.

"அன்னைக்குத் தப்பா பேசிட்டேம்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒரு கல்லு வெக்கலாம். அவரு பேரு எழுது. செத்தாருன்னு எழுதாத. கடலுக்குப் போனாருன்னு எழுது."

அப்படியே எழுதுகிறேன், நைனா. பொன்னேரியில் கல் செதுக்குகிறவரிடம் சொல்லியாயிற்று. படகுகளை ஏற்றி வைக்கும் மேட்டில் நடுவோம். அம்மா இருக்கும்வரை அந்தச் சான்றிதழைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். மாதம் தவறாமல் வந்து, அவள் போதும் என்று எழுந்திருக்கும்வரை அவளோடு அங்கே உட்கார்ந்திருப்பேன்.

கத்தியதற்கு இன்னும் வெட்கப்படும்,
உன் மூத்த பொண்ணு
செல்வி