பால்கனியில் ஒரு கைக்குட்டை

ஆம்பூர்
17.2.2008

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

சமாதானம். நானும் அம்மாவும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? அல்லது ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு மாத்திரையும் போடாமல் இருமிக்கொண்டே இருக்கிறீர்களா?

லெந்து காலத்து நாற்பது நாள் நோன்பு முடிகிறவரை போன் கிடையாது, சந்திப்பு கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று ஆயர் சத்தியநாதன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "சண்டையப் பத்தி எழுதாதீங்க. மனசுல நெனச்சத எழுதாதீங்க. கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க" என்றாரே. ஈஸ்டருக்கு நான் வேலூருக்குத் திரும்பி வருவதா வேண்டாமா என்பது இந்தக் கடிதங்களில்தான் இருக்கிறது. ஆகையால், ஷூ கம்பெனி பஸ்ஸில் ரஃபி அகமது எனக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்ததையும், முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் பின்னால் ஏறுகிறவர்களுக்கு அப்படி இடம் பிடிப்பது எங்கள் பஸ்ஸில் பத்து வருட வழக்கம் என்பதையும், நீங்கள் கம்பெனி கேட்டுக்கே வந்து அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்ததையும் நான் எழுதவே போவதில்லை.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர் முழுக்க ஒரே மிருகப் படப் பேச்சு. அமெரிக்கப் படம், தமிழில் பேசுகிறதாம். போஸ்டரில் மிருகம் இல்லை. இடிந்த பாலமும் ஒரு பெரிய கேள்விக்குறியும்தான். 'இது சினிமா அல்ல, இடிபாட்டில் கிடைத்த வீடியோ கேசட்' என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துகிறார்கள். எங்கள் தையல் லைனில் பாதிப் பேர் அது நிஜம் என்றே நம்புகிறார்கள். வஹீதா மட்டும், "நெசமா இருந்தா கேமரா புடிச்சவன் இன்னேரம் செத்திருப்பான், டப்பிங் யார் குடுத்தது?" என்று கேட்டாள்.

நாம் இருவரும் இந்தப் படத்தைப் பார்த்து எழுதினால் என்ன? நீங்கள் வேலூரில் பாருங்கள். நான் வருகிற ஞாயிறு, 24ஆம் தேதி, ஆராதனை முடித்து மேட்னி ஷோ போகிறேன். வஹீதாவுடன். பால்கனி. சும்மா தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். லெந்து நாளில் சினிமாவா என்று அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
பெர்சிஸ்


வேலூர்
26.2.2008

அன்பான பெர்சிஸுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இருமல் குறைந்துவிட்டது. நீ வைத்துவிட்டுப் போன மிளகுத் தூள் தீர்ந்துவிட்டது.

நீ சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலூரில் படம் பார்த்தேன். ஆயர் சொன்ன மாதிரி கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். முதல் பத்து நிமிஷம் கூட்டம் சும்மா இருந்தது. பிறகு படம் ஆட ஆரம்பித்தது. கேமரா ஓடுகிறது, விழுகிறது, தரையைக் காட்டுகிறது. புரொஜெக்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லோரும் ஆபரேட்டரைத் திட்டத் தொடங்கினார்கள். "யோவ் ஆபரேட்டர், நேரா புடிய்யா" என்று ஒருவர். "எங்க வூட்டுக் கல்யாண வீடியோவே தேவல" என்று ஒருவர். அப்புறம் கீழே மொத்தக் கூட்டமும் ஒரே குரலாக "ரிஜெக்ட் பீஸு! ரிஜெக்ட் பீஸு!" என்று கை தட்ட ஆரம்பித்துவிட்டது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாலம் இடிகிறபோது முன் வரிசையில் ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றி, சாப்பாட்டுப் பையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். பர்தா போட்ட ஒரு பெண் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து முகரக் கொடுத்தாள். நாயகி கதவைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து இடைவேளை விட்டுவிட்டான். ஒரே கூச்சல். மிருகத்தை முழுசாகக் காட்டியபோது தியேட்டரே எழுந்து நின்றது. நல்ல அனுபவம்.

ஜெபத்தில் உன்னை நினைக்கிறேன். ஈஸ்டருக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா?

உன் அன்புக் கணவன்,
ஜோனதன்


ஆம்பூர்
1.3.2008

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. லஞ்ச் டைமில் வஹீதாவுக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். அப்புறம் நானும் நிறுத்தினேன்.

ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டு மூன்று சந்தேகங்கள்தான். வேலூரில் ஆஸ்பத்திரிக்காரர்களும் காலேஜ் பிள்ளைகளும்தானே அதிகம்? அவர்கள் 'ரிஜெக்ட் பீஸு' என்று கத்தினார்களா? அது எங்கள் செக்கிங் டேபிளில் தேறாத ஷூவைத் தூக்கிப் போடும்போது கத்துகிற வார்த்தை ஆயிற்றே. எங்கள் தியேட்டரில் கத்தியது கட்டிங் செக்‌ஷன் ஆட்கள். நீங்களும் அதையே கேட்டிருக்கிறீர்கள். ஆச்சரியம்தான்.

உங்கள் இடைவேளையும் எங்கள் இடைவேளையும் ஒரே கதவில் விட்டிருக்கிறார்கள். அதுகூட இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி ஃபிலிம் பெட்டி வந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்கிறேன்.

கடிதம் முழுக்க ஜனங்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். போஸ்டரிலே மறைத்து மறைத்து, இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து, கடைசியில் ஒரு நிமிஷம் காட்டுகிறானே மிருகத்தை, அதைப் பற்றி ஒரு வரி இல்லையே. அதற்கு எத்தனை கால் என்று லைனில் தினமும் தகராறு. வஹீதா ஒன்று சொல்கிறாள், மெர்சி ஒன்று சொல்கிறாள். நீங்கள் எண்ணினீர்களா? எழுதுங்கள்.

வெள்ளையடிக்க அவசரம் இல்லை.

பெர்சிஸ்


வேலூர்
5.3.2008

அன்பான பெர்சிஸுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் கடிதத்தில் பழைய சிரிப்பு இல்லையே. நான் ஆசையாக எழுதியதை நீ போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிறாய். இந்தக் காலத்தில் எந்த ஊர்க் கூட்டமும் எதையும் கத்தும். வேலூரிலும் ஷூ கம்பெனி ஆட்கள் இருக்கிறார்கள்.

மிருகத்துக்கு நான்கு கால். பின்னங்கால் இரண்டும் பெரியது. நான் நன்றாகப் பார்த்தேன். போதுமா?

கேள்வி கேட்க உனக்கு மட்டும்தான் உரிமையா? நானும் ஒன்று கேட்கிறேன். நீ வஹீதாவுடன் மட்டும்தான் போனாயா? வேறு யாரும் வருவதாக இருந்ததா? மறைக்காமல் எழுது. நான் கோபப்பட மாட்டேன்.

ஜோனதன்


ஆம்பூர்
8.3.2008

ஜோனதன் அவர்களுக்கு,

மிருகத்துக்குக் கால் கிடையாது. வயிற்றால் ஊர்ந்து வரும். எத்தனை கால் என்று நான் கேட்டது வேண்டுமென்றேதான். லைனில் தகராறு எதுவும் இல்லை. ஆறு வருடம் உங்களோடு இருந்து இந்த வித்தையை உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். வேறு ஒன்றும் கற்றுக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

எலுமிச்சம்பழம் கொடுத்த அந்தப் பெண் வஹீதா. பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று தினமும் பையில் ஒன்று வைத்திருப்பாள். அந்தப் பழத்தை அவள் கொடுத்தபோது அந்த அம்மாவின் தலையைப் பிடித்திருந்தது நான். நீங்கள் வாந்தி எடுத்தவரை எழுதினீர்கள், பழத்தை எழுதினீர்கள், பர்தாவை எழுதினீர்கள். தலையைப் பிடித்திருந்தவளை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அன்றைக்கு நான் சிரித்தது, சமோசா தின்றது, செருப்பைக் கழற்றிக் காலை மடக்கி உட்கார்ந்தது எல்லாவற்றையும் ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பின்னால் நீங்கள் இருந்திருக்கிறீர்கள். மிருகப் படத்தில் பயப்படாதவள், உங்கள் கடிதத்தைப் படித்துப் பயந்தேன்.

எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? எதற்கு வந்தீர்கள்? இந்த ஒரு தடவை பொய் வேண்டாம். உண்மை எதுவாக இருந்தாலும் ஈஸ்டரைப் பற்றி அதற்குப் பிறகுதான் யோசிப்பேன். ஆயரிடம் நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

பெர்சிஸ்


வேலூர்
12.3.2008

என் பெர்சிஸுக்கு,

மூன்று நாள் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், ஆம்பூருக்கு வந்தேன். ஸ்டோர்ஸில் டைட்டஸை டூட்டி பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். உனக்கு மூன்று வரிசை பின்னால், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஆயருடைய விதியை மீறினேன். பொய் எழுதினேன். கர்த்தர் மன்னிப்பார். நீயும் மன்னித்துவிடு.

எதற்கு வந்தேன் என்று கேட்கிறாய். முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நாள், ஷோ, பால்கனி என்று எல்லாவற்றையும் நீயே எழுதியிருந்தாய். ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறாள், எதையோ மறைப்பதற்காகத்தான் மற்றதை இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. வந்து பார்த்துவிட்டு, நீயும் வஹீதாவும் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் உன் வலது பக்கத்து இருக்கையில் ஒரு கைக்குட்டை கிடந்தது. ஆண்கள் கைக்குட்டை. நீலக் கட்டம் போட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், உட்கார இடமில்லை. மூன்று பேர் வந்து கேட்டார்கள். மூன்று பேரிடமும் "ஆள் வர்றாங்க" என்று நீ சொன்னதை என் காதால் கேட்டேன். அதன் பிறகு எனக்குத் திரையே தெரியவில்லை. யார் வருகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிருகத்தைக் காட்டியபோது எல்லோரும் எழுந்தார்கள். நீ மட்டும் உட்கார்ந்தபடியே திரும்பிக் கதவைப் பார்த்தாய். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது மிருகம் போய்விட்டது.

கடைசிவரை அவன் வரவில்லை. அது எனக்கு ஆறுதல். ஆனாலும் பெர்சிஸ், ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். நீயும் ஒன்றே ஒன்று சொல்லிவிடு. அந்தக் கைக்குட்டை யாருடையது? ரஃபி அகமதுவா? யாராக இருந்தாலும் மன்னிக்கிறேன். தெரிந்தால் போதும். அதன் பிறகு அதைப் பற்றி வாழ்நாளில் பேசமாட்டேன்.

உன் கணவன்,
ஜோனதன்


ஆம்பூர்
16.3.2008, குருத்தோலை ஞாயிறு

ஜோனதன் அவர்களுக்கு,

கோயிலுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். அம்மா குருத்தோலையைச் சுவரில் செருகிக்கொண்டிருக்கிறாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் நான் வீட்டை விட்டு வந்த அன்று, அவசரத்தில் கொடியில் கிடந்த துணிகளை அப்படியே வாரிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இங்கே வந்து பிரித்தபோது அதில் உங்கள் கைக்குட்டை ஒன்று இருந்தது. நீலக் கட்டம். ஒரு ஓரத்தில் சின்னதாக 'ஜோ' என்று இருக்கும். கல்யாணமான புதிதில் நான் கம்பெனி நூலில் போட்டது. மூன்று வரிசை பின்னாலிருந்து அது தெரிந்திருக்காதுதான்.

நாளையும் ஷோவையும் பால்கனியையும் நான் ஏன் எழுதினேன் என்று உங்களுக்கு ஒரு காரணம் தோன்றியிருக்கிறது. எனக்கு இருந்த காரணம் வேறு. இந்த மனுஷன் விதியை மீறி வந்து நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று, பஸ்ஸில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். "யாருக்குடி இது?" என்று வஹீதா கேட்டாள். நான் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேஜாருடி உன்னோட" என்றாள். ஆனால் நான் வெளியே போனபோதெல்லாம் அவள்தான் அந்த இடத்தைக் காத்தாள்.

மிருகம் வந்த நேரத்தில் பால்கனிக் கதவு திறந்தது. வெளிச்சம் விழுந்தது. நீங்கள்தான் என்று நினைத்துத் திரும்பினேன். டீ கேனைத் தூக்கிக்கொண்டு கேன்டீன்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் நீங்கள் குனிந்திருக்கிறீர்கள். அதற்குக் கால் இல்லை என்று வஹீதா சொல்லித்தான் எனக்கும் தெரியும். நானும் பார்க்கவில்லை.

நீங்கள் வந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. நான் கூப்பிட்டுத்தான் வந்தீர்கள். படம் ஓடிய அத்தனை நேரமும் நான்கு எட்டு வைத்தால் வந்துவிடுகிற தூரத்தில்தான் இருந்தீர்கள். எழுந்து வந்து, "இது யார் கைக்குட்டை?" என்று சண்டை போடுவதற்காகவாவது கேட்டிருந்தால், எடுத்துக் கையில் கொடுத்து உட்காருங்கள் என்று சொல்லியிருப்பேன். வஹீதாவின் சமோசாவில் பாதியைப் பிடுங்கிக் கொடுத்திருப்பேன். இன்றைக்கு இந்தக் கடிதத்துக்குப் பதிலாக வேலூர் பஸ்ஸில் இருந்திருப்பேன். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. காலையில் கோயிலிலும் அழுதேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் கடைசியில் ஒரு பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறீர்களே. மன்னிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன்.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. அதன் பிறகும் வருவதாக இல்லை. ஆயரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். என் தையல் மிஷினை ரஃபி அகமது வேனில் எடுத்து வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். டைட்டஸ் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். மிளகை வறுத்துத்தான் பொடிக்க வேண்டும், பச்சையாகப் பொடித்தால் தொண்டை எரியும்.

கைக்குட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பிரித்து ஓரத்தைப் பாருங்கள்.

பெர்சிஸ்